விடுபட்ட இராணுவக் கொடுப்பனவை எங்கிருந்து தேடுவது?

கேள்வி: இலங்கை இராணுவத்தில் 22 ஆண்டுகள் சேவையாற்றி ஓய்வுபெற்று, இப்போது சாவகச்சேரியில் வசிக்கிறேன். ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. ஆனால், இடமாற்றத்தில் இருந்த ஒரு காலப்பகுதிக்குரிய படி (சம்பளத்தோடு சேரும் கொடுப்பனவு) இன்னமும் கிடைக்கவில்லை. எத்தனை கடிதம் எழுதினாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வருகிறது. இனி என்ன செய்யலாம்?

பதில்: பணம் எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று தெரியாமல் எந்த அலுவலகத்தின் படியேறினாலும் இதே பதில்தான் கிடைக்கும். அந்தப் படி கணக்கிடப்படவே இல்லையா, கணக்கிட்டபின் கடனுக்கோ வேறு கழிவுக்கோ பிடிக்கப்பட்டதா, அல்லது அனுப்பப்பட்டு வங்கியிலிருந்து திரும்பிவிட்டதா என்பதை முதலில் அறிய வேண்டும். படைவீரரின் இடமாற்றமும் அதனோடு வரும் படிகளும் 'பகுதி இரண்டு கட்டளை' எனப்படும் பதிவில் ஏற வேண்டும். அதில் உங்கள் இடமாற்றம் விடுபட்டிருந்தால், சம்பளப் பிரிவைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே பணியாற்றவே இல்லை. உங்கள் விடயத்தில் என் முதற் சந்தேகமும் இதுதான்.

ஆகவே, பணம் கேட்டு இன்னொரு கடிதம் எழுதாமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இராணுவத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் மூன்று ஆவணங்களின் பிரதியைக் கேளுங்கள்: அக்காலப்பகுதிக்குரிய பகுதி இரண்டு கட்டளை, உங்கள் சம்பளப் பதிவேடு, கடைசியாகத் தீர்க்கப்பட்ட கணக்கு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்; மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும் (மேன்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி), அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பாதுகாப்புக் காரணம் காட்டித் தகவலை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டுதான். ஆனால், உங்கள் சொந்தச் சம்பளக் கணக்கை அதற்குள் அடக்குவது கடினம்.

தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. இருந்தாலும் ஒரு சிங்களப் பிரதியையும் இணைத்துவிடுங்கள். உரிமை வேறு, கோப்பு நகரும் வேகம் வேறு. இராணுவ இலக்கம், படையணி, சேவையில் சேர்ந்த, விலகிய திகதிகள் ஆகியவற்றை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பெயரின் முதலெழுத்துகள் இராணுவப் பதிவில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். வங்கிக் கணக்கு மாறியிருந்தால், பழைய கணக்கின் அக்காலக் கூற்றையும் வங்கியில் கேட்டுப் பெறுங்கள். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

படியைத் தரும்படி கேட்ட உங்கள் கோரிக்கை எழுத்தில் நிராகரிக்கப்பட்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் செல்வதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதமே தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. கடிதம் வந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள தபால் முத்திரைத் திகதியைக் காட்ட வேண்டி வரலாம்.