வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். வயது 61. கணவருக்கு 66, தனியார் ஆலையில் வேலை பார்த்தவர், பி.எஃப். பென்ஷன் மட்டும் வருகிறது. 84 வயதான என் தாயார் எங்களோடு இருக்கிறார். நான் கடன் வாங்கிக் கட்டிய வீடு என் பெயரில் உள்ளது. பெங்களூரில் இருக்கும் எங்கள் ஒரே மகன், வீட்டைத் தன் பெயருக்கு எழுதிவிட்டு அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். அம்மாவோ, "அறுபது வயசுல நான் சாவிக்கொத்தை உங்க அண்ணிகிட்ட குடுத்துட்டு ஒதுங்கலையா?" என்கிறார். மனம் ஒப்பவில்லை. நான் சுயநலக்காரியா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. உங்கள் தாயாரின் கேள்வியில் தவறில்லை. ஆனால் அவர் தம் காலத்து முதுமையைக் கொண்டு உங்கள் முதுமையை அளக்கிறார்.

அவர் அறுபதை எட்டியது ஏறத்தாழ 2001இல். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 27 பேர். 2011இல் அது 44 ஆக உயர்ந்தபோதும் பெண்களில் 28 பேர்தான். அதே 2011இல் அந்த வயதுப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று 1989இல் சட்டம் வந்தபோது, அதற்கு முன் மணமாகிப் போனவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த வருமானமும் சொத்தும் இல்லாத அந்தத் தலைமுறைப் பெண்களில் பெரும்பாலோருக்கு, கொடுப்பதற்கென்று கையில் இருந்தது சாவிக்கொத்து ஒன்றுதான். அதை அண்ணியிடம் கொடுத்த அம்மா இன்று உங்கள் வீட்டில் இருக்கிறார் என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் சற்று நேரம் நின்றேன்.

உங்கள் நிலை வேறு. அகவிலைப்படியோடு கூடிய ஓய்வூதியம், சொந்தப் பெயரில் வீடு, முப்பது ஆண்டு வேலை பார்த்த பழக்கம் ஆகியவற்றோடு அறுபதைத் தாண்டும் பெண்கள் உங்கள் தாயார் காலத்தில் அபூர்வம். மறுபுறம், தாங்குவதற்கு இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2011இல் பத்தில் ஒருவர் 60 வயது கடந்தவர். 2036இல் ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்திருக்கிறது. அப்போது நீங்கள் எழுபதைத் தாண்டியிருப்பீர்கள், உங்கள் ஒரே மகனே ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

முதுமையை ஒரே நிலையாகப் பார்ப்பதில்தான் பலருடைய கணக்கு தப்புகிறது. 61 வயதில் உங்களுக்குச் செலவை விட வரவு கூடுதலாக இருக்கலாம். ஆனால் உங்கள் கணவரின் பி.எஃப். பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் ரூ.1,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. இன்று குடும்பம் உங்கள் ஓய்வூதியத்தில் நடக்கிறது. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அவருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவான குடும்ப ஓய்வூதியம்தான். எண்பதுக்கு மேல் வரும் பெரிய செலவு பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கானது. உங்கள் தாயாரைக் கவனிக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. 70 வயது கடந்தவர்களுக்கென 2024இல் வந்த ரூ.5 லட்சம் மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தால் உதவுமே தவிர, வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தைக் கொடுக்காது. அந்த நாளுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே பெரிய கையிருப்பு இந்த வீடு. வாடகைக்கு விடலாம், அவசியமானால் விற்கலாம். வீட்டின் பேரில் வங்கி மாதந்தோறும் பணம் தரும் 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' 2007இலேயே வந்துவிட்டது, நம் ஊர்களில் அதை நாடுவோர் மிகக் குறைவு என்றாலும்.

வீட்டை மகன் பெயருக்கு மாற்றித் தரும் செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட்டால், பிறகு மனம் மாறினாலும் நீங்களாக அதை ரத்து செய்வது எளிதல்ல. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக ஏற்று வாங்கிய சொத்தை, பராமரிக்கத் தவறினால் திரும்பப் பெற வழி செய்கிறது. அதற்கும் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மகனை எதிர்த்து நீங்களே மனுப் போட்டு நிற்க வேண்டும். உங்கள் மகன் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கடனுக்காகக் கேட்கிறாரா, பின்னாளில் சிக்கல் வரக் கூடாது என்று கேட்கிறாரா என்று வெளிப்படையாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். சிக்கல்தான் அவர் கவலை என்றால் உயில் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கணவர் தம் காலம்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் அதில் தெளிவாகச் சேருங்கள்.

பெங்களூருக்குப் போவது தனி விஷயம். வீட்டை எழுதிக் கொடுப்பதோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, ஓர் அறையை உங்களுக்கென்று பூட்டி வைத்துக்கொண்டு, சில மாதங்கள் போய் இருந்து பாருங்கள். ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றிதழை இணையவழியில் அங்கிருந்தே கொடுக்கலாம். கிளம்புவதற்கு முன் உங்கள் தாயாருக்கு அந்த ஊர்க் குளிரும், அடுக்குமாடி வாழ்க்கையும் ஒத்துவருமா என்று அவரிடமே கேளுங்கள். அண்ணனோடும் பேசி, அந்த மாதங்களில் அம்மா எங்கே இருப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.