சுகர் குழுவுக்குப் போங்கள், மருந்துச் சீட்டை அங்கே மாற்றாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 9.4இல் நிற்கிறது. இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் பகுதியில் சுகர் உள்ளவர்கள் ஞாயிறுதோறும் சமுதாயக் கூடத்தில் கூடிப் பேசுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். "போனால் ஏதாவது பவுடரை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்" என்கிறான் மகன். போகலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: போங்கள். மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்களுக்கு இப்போது இருக்கும் பிரச்சினை இன்சுலின் பயம். ஊசி என்றாலே கடைசிக் கட்டம், ஊசி போட்டால் கண் போய்விடும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு மனதில் ஊறிப்போயிருக்கும். அது உண்மையல்ல என்று மருத்துவர் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. தினமும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டு வேலையும் பார்க்கும் ஒரு அக்கா, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், இந்த இடத்தில் போடு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினால் பயம் பாதி இறங்கிவிடும்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் சர்க்கரை கட்டுப்படாத முன்னாள் ராணுவத்தினர் 244 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவினரை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, வாரம் ஒரு முறை போனில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். மற்ற பிரிவை நர்ஸ்கள் கவனித்தார்கள். ஆறு மாதத்தில் ஜோடிகளின் மூன்று மாத சராசரி ஏறக்குறைய 8.0இலிருந்து 7.7க்கு இறங்கியது. நர்ஸ்கள் கவனித்த பிரிவில் 7.9இலிருந்து 8.2க்கு ஏறியது. ஜோடிப் பிரிவில் எட்டுப் பேர் புதிதாக இன்சுலின் தொடங்கினார்கள், மற்றதில் ஒரே ஒருவர்.

பக்கத்திலேயே, கேரளத்தின் நெய்யாற்றின்கரையிலும் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 1,007 பேரைச் சேர்த்தார்கள். அதில் ஒரு பிரிவுக்குச் சிறு குழுக்கள் அமைத்து, ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்துத் தலைவர்களாக்கி, இரண்டு வருடம் கவனித்தார்கள். சர்க்கரை வருவது பெரிதாகக் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் காயும் பழமும் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. ஆகவே குழுவில் சேர்ந்ததுமே 9.4 தானாக இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டாக்டர் சொன்னதைத் தினமும் விடாமல் செய்ய அது கைகொடுக்கும்.

உதாரணமாக, காலை எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறி, தான் பதினொரு மணிக்குச் சாப்பிடும் பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டு இப்படிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ஆபத்து. விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு 70க்குக் கீழே போய் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஓபியில் மூன்று மணி நேரம் நின்றால் டாக்டர் முன் இரண்டு நிமிடம் கிடைக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் 'எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்' என்று யார் கேட்பார்கள்? அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் ஊசி போடும் முறையையும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் முறையையும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய அளவுக்கு ஆட்கள் இல்லை. எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருப்பது!

சரி, பவுடர் விஷயம். எங்கும் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது. சில வாரம் கூட்டம் நன்றாகப் போகும். அப்புறம் 'இலவசப் பரிசோதனை' என்று ஒருவர் வருவார். விரலில் குத்தி, எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தி, மூன்று மாதப் பேக்கேஜை எடுப்பார். 'இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்கள், கிட்னி போய்விடும்' என்பார். கூட்டிவந்தவருக்குக் கமிஷன் இருக்கும். சர்க்கரையைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பேருந்து நிறுத்தத்தில்கூட நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், யாரும் கிழிப்பதில்லை. சில 'மூலிகை'ப் பொடிகளில் சுகர் மாத்திரையையே அரைத்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அதனால்தான் சர்க்கரை இறங்குகிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாததால் அபாயமான அளவுக்கும் இறங்கும்.

இன்னொன்று, ஒருவருக்குக் குத்திய ஊசியால் இன்னொருவருக்குக் குத்தவிடாதீர்கள். மஞ்சள் காமாலைக் கிருமி அப்படிப் பரவும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அவருடைய கிட்னிக்கும் வயதுக்கும் பார்த்து எழுதியது. அதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் குழுவுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்த பிள்ளையின் தாய் வரலாம். அது டைப் 1. அந்தப் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை. உங்களுக்கு உள்ளது டைப் 2. இரண்டுக்கும் சர்க்கரை என்றுதான் பெயர், ஆனால் உங்கள் குழுவில் பேசும் நடைப்பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரைக் குறைப்பு எதுவும் அந்தப் பிள்ளைக்கு இன்சுலினுக்கு மாற்றாகாது. இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வந்து உயிரே போகலாம். 'கஞ்சி குடி, குறைந்துவிடும்' என்று அந்தத் தாயிடம் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் நீங்களே தடுங்கள். டைப் 1 உள்ள வேறு குழந்தைகளின் பெற்றோரோடு அவர் சேர்வதுதான் சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விசாரித்தால் அப்படிப்பட்டவர்களைத் தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் முதலில் டாக்டரிடம் போய் இன்சுலினைத் தொடங்குங்கள், குழுவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஊசி போடுகிறவர்களிடம் கேளுங்கள்: எந்த இடங்களில் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள், பிரிட்ஜ் இல்லாத இடத்தில் மருந்தை எப்படி வைக்கிறீர்கள், கல்யாணத்துக்குப் போனால் ஊசியை எங்கே வைத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். மகனையும் இரண்டு மூன்று கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மேசையில் ஏதாவது டப்பா வந்து உட்கார்ந்தால் இருவரும் எழுந்து வந்துவிடுங்கள்.