பிஸ்கட் டப்பாவும் மென்பொருளும்

கேள்வி: கோவையில் வீட்டு உள் அலங்காரத் தொழில் செய்கிறேன். கடந்த நிதியாண்டில் 14 லட்ச ரூபாய் வந்தது. எல்லாம் வங்கி வழியாகத்தான். வாடிக்கை நிறுவனங்கள் பணம் தரும்போதே 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிக் கழிக்கும் வருமான வரி) பிடித்திருக்கின்றன. ஆடிட்டர் 6,000 ரூபாய் கேட்கிறார். மென்பொருளிலேயே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிடலாமா?
— ஒரு வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஆடிட்டர் வேலை பார்த்தே தலை நரைத்த நான் இதைச் சொல்வது என் தொழிலுக்குத் துரோகம்தான்!

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு உங்கள் தொழிலுக்குப் பொருந்தும். வரவில் பாதியான 7 லட்சத்தை வருமானமாகக் காட்டினால் போதும். உண்மையில் அதைவிட அதிகம் மிஞ்சியிருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். படிவம் ஐடிஆர்-4. வருமான வரித்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் முடித்துவிடலாம். அதற்கு முன், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்து, பிடித்த டிடிஎஸ் முழுதும் ஏறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். ஒரு நிறுவனம் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டாலும் உங்கள் பணம் அந்தரத்தில் நிற்கும்.

மென்பொருள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும், கேட்காததைத் துருவாது. பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகளோடு ஒரு பொறியாளர் என்னிடம் வந்தார். 44ஏடிஏ-க்குப் பதிலாக, வியாபாரிகளுக்கான 44ஏடி-யைத் தேர்ந்தெடுத்து எட்டு சதவீத லாபம் காட்டியிருந்தார். திரை எல்லாவற்றுக்கும் பச்சை டிக் போட்டிருந்தது. பிறகு நோட்டீஸ் வந்தது.

மனை ஏதாவது விற்றீர்களா? வெளிநாட்டுப் பங்கு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஐடிஆர்-4 செல்லாது. அந்த 6,000 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.