பிறகு ஏற்றிக்கொள்ளலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். என்னுடைய பழைய மடிக்கணினி ஒன்பது வருடம் உழைத்தது. நடுவில் ரேமை இரட்டிப்பாக்கி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் நன்றாக ஓடியது. இப்போது ஹிஞ்ச் உடைந்து திரை தொங்குகிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவும் நின்றுவிட்டது. தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன், தோள்வலி வேறு. அதனால் இந்த முறை மெல்லியதாக, எடை குறைவாக, கொஞ்சம் நல்லதாகவே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். ஒன்றேகால் லட்சம் வரை போகலாம்.

மகன், "மேக்புக் ஏர் வாங்கும்மா, வேற எதையும் பாக்காத" என்கிறான். கடை அண்ணாச்சி ஒரு மெல்லிய விண்டோஸ் கணினியைக் காட்டி, "இப்போ 16 ஜிபி போதும் மேடம், பத்தலைன்னா பின்னாடி ஏத்திக்கிடலாம்" என்கிறார். எங்கள் துறையில் ஒரு சார், "மெல்லிசெல்லாம் குப்பை, ரிப்பேரே பண்ண முடியாது, தடியா வாங்குங்க" என்கிறார். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவை ஆர் மென்பொருளில் அலசுவதுதான் என் முக்கிய வேலை. 16 போதுமா? ஏரில் இரண்டே இரண்டு போர்ட்தான் இருக்கிறது, வகுப்பில் ப்ரொஜெக்டருக்கு என்ன செய்வது? இதுவும் எட்டு வருடம் தாங்குமா?

– ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியருக்கு,

அண்ணாச்சியிடமிருந்து தொடங்குகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய கணினிகளை வைத்துப் பேசுகிறார். உங்கள் பழைய கணினியில் ரேம் என்பது ஒரு தனி அட்டை, ஒரு ஸ்லாட்டில் செருகியிருந்தது. இன்று விலை உயர்ந்த மெல்லிய கணினிகளில் பெரும்பாலானவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிளை மட்டும் குறை சொல்ல முடியாது. 2008இல் வந்த முதல் மேக்புக் ஏரில் ரேமைப் பற்றவைத்தார்கள், 2012இல் லெனோவோ கொண்டுவந்த முதல் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனிலும் அப்படித்தான். இன்டெல் 2024இல் கொண்டுவந்த லூனார் லேக் வகைச் சிப்புகளில் ரேம் ப்ராசசரின் பொதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது: 16 அல்லது 32. வாங்கும்போது எதை எடுத்தீர்களோ அதுதான் கடைசிவரை.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். விவரப் பட்டியலில் நினைவகம் என்ற வரிக்கு வாருங்கள். டிடிஆர்5 என்ற ரேம் வகைப் பெயருக்கு முன்னால் 'எல்பி' என்ற எழுத்துகள் இருந்தால் அது பற்றவைத்தது என்றே வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு, கழற்றி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற புதிய அட்டை. 2024இல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் வந்தது, ஆனால் அது உங்கள் தோளுக்கும் பைக்கும் ஆன கணினி அல்ல. வெறும் டிடிஆர்5, எஸ்ஓடிம் என்று இருந்தால் ஸ்லாட் உண்டு. சிலவற்றில் பாதி பற்றவைத்து, பாதிக்கு ஒரு ஸ்லாட் விட்டிருப்பார்கள். லெனோவோ என்றால் அவர்களுடைய பிஎஸ்ரெஃப் தளத்தில் மாடலைத் தேடினால் 'போர்டில் பற்றவைத்தது, ஸ்லாட் இல்லை' என்றே வெளிப்படையாக எழுதியிருக்கும்.

இதற்காக நிறுவனங்களைத் திட்டுவது வழக்கம். ரேம் விஷயத்தில் நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். சமிக்ஞை ஓடும் தூரம் குறையக் குறைய வேகம் கூட்டலாம், மின்சாரமும் குறைவாகச் செலவாகும். மெல்லிய கணினி நாள் முழுக்கச் சார்ஜ் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம் என்ற கொள்கையையே முதலாகக் கொண்டு தொடங்கிய ஃப்ரேம்வொர்க் நிறுவனம்கூட, 2025இல் அறிவித்த மேசைக்கணினியில் ரேமைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. அந்த ஏஎம்டி சிப்புக்குத் தேவையான வேகம் ஸ்லாட் வழியாக வரவில்லை. அவர்களாலேயே முடியவில்லை என்றால் அதில் உண்மையான பொறியியல் சிக்கல் இருக்கிறது.

எஸ்எஸ்டியைப் பற்றவைப்பதற்கு அப்படி ஒரு சாக்கு இல்லை. நல்ல மெல்லிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அது ஒற்றைத் திருகில் நிற்கும் சின்ன அட்டை. எக்ஸ்1 கார்பனில்கூட மாற்றலாம். மேக்புக் ஏரில் முடியாது. ஆனால் அதே ஆப்பிள் 2024இன் எம்4 மேக் மினியில் சேமிப்பகத்தைக் கழற்றக்கூடிய தனி அட்டையாக வைத்திருக்கிறது. ஆக, முடியாத காரியமல்ல, மனம் இல்லை. இதில் கொள்ளளவைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. மதர்போர்டு செத்தால் தரவும் அதோடு போகும். அட்டையாக இருந்தால் கழற்றி இன்னொரு கணினியில் போட்டு எடுத்துவிடலாம் (தரவைப் பூட்டி வைக்கும் குறியாக்கத்தின் மீட்புச் சாவியை எழுதி வைத்திருக்க வேண்டும், அதை யாரும் எழுதி வைப்பதில்லை). ஏர் வாங்கினால் கூடவே ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கிவிடுங்கள். அதைக் கணினி விலையிலேயே சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

16 போதுமா? நீங்கள் புள்ளியியல்காரர், கணக்காகவே சொல்கிறேன். ஆர் மென்பொருள் தரவு முழுவதையும் ரேமில் ஏற்றித்தான் வேலை பார்க்கும். ஐந்தாம் குடும்பநல ஆய்வில் நேர்காணப்பட்ட பெண்கள் 7,24,115 பேர். ஒரு எண்ணுக்கு 8 பைட். ஆயிரம் நெடுவரிசைகளை ஏற்றினால் 5.8 ஜிபி. அந்த அட்டவணையில் ஏதாவது மாற்றம் செய்யும்போது ஆர் ஒரு நகல் எடுத்தால் 11 தாண்டிவிடும். மீதியில் இயங்குதளம், பிரவுசர், மாணவர்கள் அனுப்பிய இருபது பிடிஎஃப். திணறும். ஆனால் கோப்பைத் திறக்கும்போதே வேண்டிய நாற்பது ஐம்பது நெடுவரிசைகளை மட்டும் எடுத்தால் அரை ஜிபிகூட வராது, 16 தாராளம். இன்றைக்கு உங்கள் வேலைக்கு 16 போதும். எட்டு வருடத்துக்குப் போதும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 2024 அக்டோபர் வரை ஆப்பிளே 8 ஜிபியை அடிப்படையாக வைத்து விற்றுக்கொண்டிருந்தது, பிறகு ஒரே வாரத்தில் 16 ஆக்கிவிட்டது.

2025 மார்ச்சில் எம்4 ஏர் இங்கே 99,900 ரூபாய்க்கு வந்தது: 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. அப்போது சேமிப்பை 512 ஆக்க 20,000. அதிலிருந்து ரேமை 24 ஆக்க இன்னொரு 20,000. அந்த விலையில் இரண்டும் வேண்டும் என்றால் 1,39,900, உங்கள் தொகை தாண்டிவிடும். கல்விச் சலுகை மாணவருக்கு மட்டுமல்ல, ஆசிரியருக்கும் உண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ரேமுக்குக் கொடுங்கள். சேமிப்புக்கு வெளி டிஸ்க் இருக்கிறது, ரேமுக்கு வெளியிலிருந்து எதுவும் வராது.

துறை சார் சொன்ன 'மெல்லிசெல்லாம் குப்பை' என்பதை நான் ஏற்கவில்லை. தடியான மலிவுக் கணினிகளிலும் ரேமைப் பற்றவைக்கிறார்கள். உள்ளே இடம் சும்மாதான் கிடக்கும். உங்கள் பழைய கணினியின் ஹிஞ்ச் ஏன் உடைந்தது? பெரும்பாலும் ஹிஞ்சைத் தாங்கும் திருகு பிளாஸ்டிக் குமிழில் இறங்கியிருக்கும், பல வருடம் திறந்து மூடியதில் குமிழ் பெயர்ந்து வந்திருக்கும். உலோக உடம்புக் கணினியில் இந்தச் சாவு அபூர்வம்.

அவர் சொன்னதில் உண்மை இருப்பது ரிப்பேரில்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பழுதுக்கடைகளில் போய் நின்றால் எது போகிறது என்று தெரிந்துவிடும்: பேட்டரி, விசைப்பலகை, சார்ஜ் போர்ட், திரை. ப்ராசசர் போய் வருபவர் அநேகமாக இல்லை.

விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் காபி கொட்டினால் போதும். பல மெல்லிய கணினிகளில் அதைத் தனியாகக் கழற்ற முடியாது. முதலில் பின்மூடி, பேட்டரி, மதர்போர்டு, ஃபேன் எல்லாம் வெளியே வரவேண்டும். அதற்கடியில், கடுகளவு பிளாஸ்டிக் முளைகள் வரிசை வரிசையாகத் தலை உருகி விசைப்பலகையின் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழுது பார்க்கும் பையன் அத்தனையையும் பிளேடால் சீவுவான். தகட்டைப் பெயர்த்து, புதியதை வைத்து, சால்டரிங் கருவியின் நுனியால் ஒவ்வொரு முளையையும் மறுபடி உருக்கி அமுக்குவான். நாலு முளை சரியாகப் பிடிக்காவிட்டால் தட்டும்போது நடுவில் அமுங்கும். கம்பெனி சர்வீஸில் இந்த வேலையே செய்யமாட்டார்கள். விசைப்பலகை பதிந்த மேல்தட்டு (சி பேனல்) முழுவதையும் மாற்றிவிட்டு அதற்குப் பில் போடுவார்கள். எம்4 மேக்புக் ஏரிலும் விசைப்பலகை மேல்தட்டோடு சேர்ந்ததுதான்.

பேட்டரி எட்டு வருடத்தில் ஒருமுறையாவது மாற்றித்தான் ஆகவேண்டும். ஆயிரம் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதம் நிற்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. தினமும் ஒரு முழுச் சுழற்சி என்றால் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் கீழே. டச்பேட் திடீரென்று கிளிக் ஆகாமல் போனால் டச்பேடைச் சந்தேகிக்காதீர்கள், அடியில் பேட்டரி உப்பி அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கலாம். அந்தக் கணினியை அன்றே நிறுத்திவிட வேண்டும். திருகு போட்ட பேட்டரியா, பசை போட்டதா என்பது இந்த நாளில்தான் முக்கியமாகும்.

இதையெல்லாம் வாங்குமுன் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. லெனோவோ, டெல், எச்பி மூவரும் தங்கள் கணினிகளின் பராமரிப்புக் கையேட்டைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். மாடல் பெயர் போட்டுத் தேடினால் பிடிஎஃப் வரும். பேட்டரி கழற்றும் பக்கத்தையும் விசைப்பலகை கழற்றும் பக்கத்தையும் பாருங்கள். விசைப்பலகைக்கு முன்னால் எத்தனை பாகம் கழற்றச் சொல்கிறார்கள் என்று எண்ணினாலே போதும், பின்னால் கொடுக்கப்போகும் கூலி தெரிந்துவிடும். ஆப்பிளும் இப்போது கையேடு தருகிறது. பாகங்களைப் பொதுமக்களுக்கு விற்கும் திட்டத்தை 2022இல் அமெரிக்காவில் தொடங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், நமக்கு எட்டவில்லை. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி விலையின் பக்கத்திலேயே பத்துக்கு இத்தனை என்று பழுதுநீக்க மதிப்பெண் போட்டாக வேண்டும். இங்கே நுகர்வோர் துறை 2022 கடைசியில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்தது. கடைப் பெட்டியில் மதிப்பெண் வருகிறவரை கையேட்டைப் புரட்டுவதுதான் வழி.

போர்ட் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. யுஎஸ்பி-சி போர்ட்டுகள் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், குணம் வேறு. ஒன்று படம், சார்ஜ், தரவு மூன்றையும் கடத்தும். பக்கத்திலிருப்பது தரவை மட்டும் கடத்தும். தண்டர்போல்ட் 4 என்று போட்டிருந்தால் படமும் தரவும் உறுதி. எம்4 ஏரின் இரண்டும் அப்படிப்பட்டவை, சார்ஜும் ஏற்றும். சார்ஜுக்கு மேக்சேஃப் என்ற காந்த இணைப்பு தனியாக இருப்பதால் இரண்டும் உங்களுக்கு மிச்சம். ஆனால் எல்லாம் இடப்பக்கம்தான், ஒயர் வலப்பக்கம் போகவேண்டிய மேசையில் கொஞ்சம் எரிச்சல் வரும். எச்டிஎம்ஐயையும் எஸ்டி கார்டையும் 2016இல் மேக்புக் ப்ரோவிலிருந்து தூக்கிய ஆப்பிள் 2021இல் தானே திரும்ப வைத்தது. டெல்லின் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் 2022இல் ஹெட்போன் குழியையே எடுத்துவிட்டது. ஆன்லைன் வகுப்பு எடுப்பவர் அதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ப்ரொஜெக்டருக்கு ஒரு டாங்கிள் போதும், எச்டிஎம்ஐயும் பழைய விஜிஏவும் இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கல்லூரி ப்ரொஜெக்டர்களின் வயது எனக்குத் தெரியும்.

விண்டோஸ் பக்கம் ஒரு போர்ட் மட்டும் சார்ஜ் ஏற்றுமா, இரண்டுமா என்று பாருங்கள். பலவற்றில் சார்ஜ் போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. அது ஆடத் தொடங்கினால் சிப் லெவல் சர்வீஸ்தான், அதாவது மதர்போர்டிலேயே கைவைக்க வேண்டும். இன்னொன்று இருந்தால் தப்பித்தீர்கள்.

இனி முடிவு. நீங்கள் சிஎஸ்ப்ரோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா? கள ஆய்வு செய்பவர்கள் பயன்படுத்துவார்கள், கணினியில் அது விண்டோஸில்தான் ஓடும். அப்படியென்றால் மகனுடன் விவாதமே தேவையில்லை. இல்லை என்றாலும், எட்டு வருடம் என்பது உங்கள் முதல் நிபந்தனையானால் நான் திங்க்பேட் டி14 வகையைப் பார்க்கச் சொல்வேன். 2024இன் ஐந்தாம் தலைமுறையை, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து வடிவமைத்து லெனோவோ 9/10 வாங்கியது. இரண்டு ரேம் ஸ்லாட், தனியாகக் கழலும் விசைப்பலகை, எச்டிஎம்ஐ, நெட்வொர்க் போர்ட் எல்லாம் உண்டு. எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி, ஏர் 1.24. தோளுக்குக் கால் கிலோ வித்தியாசம். திரையும் ஸ்பீக்கரும் ஏர் அளவுக்கு இராது. சார்ஜும் அப்படி நிற்காது, ஃபேன் சத்தம் கேட்கும். மகன் முகம் சுளிப்பான்.

ஸ்லாட் இருக்கிறதே, ரேம் விலை குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று 8இல் வாங்கிவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு மையங்கள் வாங்கிக் குவித்ததில் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதைப் பார்த்தோம். 16இல் வாங்குங்கள், ஒற்றை அட்டையாக, இன்னொரு ஸ்லாட் காலியாக. ஒற்றை அட்டையில் வேகம் சற்றுக் குறையும்தான், உங்கள் அட்டவணைகளுக்கு அது பெரிதாகத் தெரியாது.

மூன்று வருட ஆன்சைட் வாரண்டி சேர்த்து விலை கேளுங்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அலையாமல் ஆள் கல்லூரிக்கே வரவேண்டும். திருநெல்வேலி பின்கோடுக்கு ஆன்சைட் உண்டா என்பதை நிறுவனத்தின் எண்ணிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். அண்ணாச்சி காட்டிய கணினியின் மாடல் எண்ணையும் கடைசி எழுத்துவரை குறித்து அனுப்புங்கள். ஒரே பெயரில் ஸ்லாட் உள்ளதும் இல்லாததும் விற்கிறார்கள், எண்ணைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.