ஆபீஸ் போகிறவனுக்கு ரமணர் எதற்கு?

வணக்கம் ஐயா,

வயது 36. கோவையில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கொஞ்ச காலமாக ரமணரைப் படிக்கிறேன். காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ‘நான் யார்’ என்று கேட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. மேலதிகாரி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இரண்டு நாளைக்கு அதே நினைப்பு. அந்தக் கோபம் வீட்டில் பிள்ளைகள் மேல் இறங்குகிறது. இதெல்லாம் வீட்டை விட்டு மலைக்குப் போனவர்களுக்கு மட்டும்தானா? இதை வைத்து என்னைப் போன்றவன் கொஞ்சமாவது மாற முடியுமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

‘நான் யார்’ என்ற கேள்வியை ரமணரிடம் கேட்டு எழுதி வைத்தவரே ஆபீஸ் போனவர்தான். சிவப்பிரகாசம் பிள்ளை தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். 1902 வாக்கில் திருவண்ணாமலை விருபாட்ச குகைக்கு வந்து கேட்டார். ரமணருக்கு அப்போது 22 வயதுதான், பேச்சும் இல்லை. எழுதித்தான் காட்டினார். அந்தப் பதில்கள்தான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. பிள்ளை பிற்பாடு வேலையை விட்டுவிட்டார். அப்படியும் தன் மனம் அடங்கவில்லையே என்று புலம்பிப் பாட்டெழுதினார். அவருக்கே அந்தக் கதி என்றால் நீங்கள் ஏன் அதற்குள் சலித்துக்கொள்கிறீர்கள்?

நீங்கள் அந்தக் கேள்வியை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. நூலில் இருப்பது வேறு. ஓர் எண்ணம் எழுந்தால் அதைப் பூர்த்தி செய்யப் போகாமல், இது யாருக்கு உண்டாயிற்று என்று பார்க்கச் சொல்கிறார் ரமணர். கோட்டைக்குள்ளிருந்து எதிரிகள் வெளியே வர வர வெட்டினால் கோட்டை கைவசமாகும் என்றும் அதிலேயே சொல்கிறார். வேலை நடக்க வேண்டிய இடம் காலை அரை மணி நேரம் இல்லை, மேலதிகாரி பேசி முடித்த அடுத்த நிமிஷம். அந்த இரண்டு நாளும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, சொல்லியிருக்க வேண்டிய பதிலை மெருகேற்றுகிறீர்கள். எண்ணத்தைப் பூர்த்தி செய்வது என்பது இதுதான். நடுவில் ஒரு தடவை ‘இது யாருக்கு வலிக்கிறது?’ என்று திரும்பிப் பாருங்கள். ‘எனக்கு’ என்று வரும். அந்த ‘நான்’ கணக்கைச் சரியாக முடித்தவனா, இல்லை, நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூசியவனா? பதில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கதை அந்த இடத்தில் அறுந்துபோகும். மறுபடி தொடங்கும். மறுபடி கேட்க வேண்டியதுதான்.

இதற்காக அவமானத்தைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 1924-ல் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து ரமணரைத் தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடர்களை அவர் தடுத்துவிட்டார். ஆனால் ஒருவர் ஊருக்குள் போய் ஆள் கூட்டிவந்தார், போலீஸ் வந்தது, திருடர்கள் பிறகு பிடிபட்டார்கள். உங்கள் அதிகாரி வழக்கமாகவே இப்படிப் பேசுகிறவர் என்றால், சூடு தணிந்தபின் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

மலைக்குப் போனவர்களுக்கு மட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 16 வயதில் வீட்டைவிட்டு வந்தவர்தான் ரமணர். (அண்ணனின் காலேஜ் பீஸுக்காகக் கொடுத்த 5 ரூபாயில் ரயிலுக்கு 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு பீஸ் இன்னும் கட்டவில்லை என்றும் சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தார். கணக்குப் பிரிவுக்காரரான உங்களுக்கு இது பிடிக்கும்.) ஆனால் துறவு வேண்டும் என்று வந்து நின்றவர்களை அவர் சுலபத்தில் அனுமதிக்கவில்லை. குடும்பஸ்தன் என்ற நினைப்பு போய்ச் சந்நியாசி என்ற நினைப்பு வரும், மனம் அதேதான் என்பது அவர் வாதம். ஆசிரமம் வளர்ந்த பிறகும் பல வருடம் விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். எதையும் வீணாக்க விடமாட்டார். பந்தியில் தனக்கு மட்டும் கூடப் பரிமாறினால் கோபம் வரும். எனக்கு அவருடைய உபதேசத்தை நம்பத் தோன்றுவதே இந்தச் சமையற்கட்டால்தான்.

காலை அரை மணி நேரத்தை விட்டுவிட வேண்டாம். கூடவே, சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஒரு தடவை கேளுங்கள். பல நாள் மறந்துபோகும், பிள்ளையைத் திட்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். சரி, அப்போது கேட்கலாம். ஆனால் முதலில் போய்ப் பிள்ளையிடம் பேசிவிடுங்கள். விசாரணை முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.