கடலே இல்லாத கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு, மரத்தில் சர்ஃப் போர்டு, அதாவது அலைமேல் சறுக்கிப் போகும் பலகை, செய்ய முடியுமா? எந்த மரம் எடுப்பது?

தாராளமாகச் செய்யலாம். நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். அலையைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் போகிற ஊர். ஆனால் போர்டு செய்வது பட்டறை வேலை. எங்கள் ஊர் ஆசாரி ஒருவரும் நானும் சேர்ந்து 9 அடி நீளத்தில் ஒன்று செய்து, சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் இறக்கியும் விட்டோம்.

முதலில் மரம். வெளிநாட்டில் பால்சா, பவுலோனியா என்கிற லேசான மரங்களை எடுப்பார்கள். பால்சா கன அடிக்குச் சுமார் நாலரைக் கிலோ, பவுலோனியா 8 கிலோ. தேக்கு 18 கிலோவுக்குப் போகும், அதனால் வீட்டில் கிடக்கும் பழைய தேக்குப் பலகையில் ஆசை வைக்காதீர்கள். நாங்கள் எடுத்தது மலைவேம்பு. பிளைவுட்டுக்காக நம் தோட்டங்களில் வரிசை வரிசையாக நிற்கிறதே, அதுதான். காய்ந்த துண்டை நிறுத்தபோது கன அடிக்கு 11 கிலோ வந்தது. மில்லில் அறுத்ததை அப்படியே ஒட்டிவிடாமல், நிழலில் இடைக்கட்டை கொடுத்து ஆறு மாதம் அடுக்கி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹவாயில் அந்தக் காலத்துத் தலைவர்கள் ஏறிய நீளப் பலகைக்கு 'ஓலோ' என்று பேர். அதை விலிவிலி என்கிற மரத்தில் செதுக்கினார்கள். அந்த விலிவிலி நம் கல்யாண முருங்கைக்குப் பங்காளி, இரண்டுமே எரித்ரினா என்கிற ஒரே பேரினம். வேலியோரம் மிளகுக்கொடி ஏற்றிவிடுகிற அதே முள்மரம்! தெரிந்த அன்றைக்கு எங்கள் வேலியடியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். நேரான பெரிய அடிமரம் கிடைக்காததால்தான் அதில் செய்யவில்லை.

முழுக்கட்டையில் செதுக்கினால் தூக்கவே முடியாது. உள்ளே கூடாகக் கட்டுங்கள். 1930களின் தொடக்கத்தில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய யோசனை இது. மீன்முள் மாதிரி நடுவில் ஒரு தண்டு, அடிக்கு ஒன்றாக பிளைவுட் விலா, மேலும் கீழும் 6 மில்லிமீட்டர் பலகை. ஓரத்துக்கு மெல்லிய ரீப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பிறகு உருட்டாக இழைக்க வேண்டும். நாள் பிடிப்பது இங்கேதான். ஆசாரி இழைப்புளியை வைத்துவிட்டு, கண்ணை மூடி உள்ளங்கையால் ஓரம் நெடுகத் தடவிக்கொண்டே போவார். "தம்பி, இந்த எடத்துல ஒரு அரிசி மொத்தத்துக்கு மேடு நிக்குதுங்க" என்பார். நான் தடவினால் ஒன்றும் தெரியாது. அவர் இரண்டு இழைப்பு இழைத்தபின் தடவினால்தான் வித்தியாசம் புரியும். கடைசியில் உப்புத்தாள் போட்டு, கண்ணாடி இழைத் துணி ஒட்டி எபாக்சிப் பிசின் பூசினோம். எடை 13 கிலோ வந்தது.

ஒரு தப்பு செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். கூட்டுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரியும், அது வெளியேற மேல்பக்கம் ஒரு துளையும் திருகு மூடியும் வேண்டும். நாங்கள் துளையே விடவில்லை. சித்திரை வெயிலில் கார் மேலே கட்டிக்கொண்டு போனோம். சேலம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது 'டப்'பென்று சத்தம், மூக்குப் பக்கம் ஒட்டு ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து நின்றது. ஆசாரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு டீயைக்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வந்து பிரித்து ஒட்ட மூன்று வாரம் ஆனது. அதனால் மேல்பலகை ஒட்டுவதற்கு முன்பே மூடி திருகி நிற்க உள்ளே ஒரு கட்டை வைத்துவிடுங்கள். வண்டியில் போகும்போது மூடி திறந்திருக்கட்டும், தண்ணீரில் கால் வைக்கும் முன் இறுக்கிவிடுங்கள்.