மனசுக்கு மருந்து: வாசகர் கேள்விகள், உளவியலாளர் பதில்கள்

கேள்வி: விபத்தில் தப்பியவரை அன்றைக்கே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் கொட்டச் சொன்னால் பாரம் இறங்கிவிடுமாமே?

பதில்: இறங்காது. சிலருக்கு ஏறிவிடும். 1980-களில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக வகுத்த முறை இது. பிறகு பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் ஒரே அமர்வில் செய்யத் தொடங்கினார்கள். தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், 13 மாதம் கழித்து, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002 தொகுப்பாய்வும் இந்த முறையைக் கட்டாயமாக்குவதை நிறுத்தச் சொன்னது. உடம்பு இன்னும் பதறிக்கொண்டிருக்கும்போது காட்சியைக் கிளறிவிட்டு, அது அடங்குமுன் எழுந்து போய்விடுகிறோம். கோளாறு அங்கேதான் என்பது என் கருத்து.

அவரைப் பத்திரமான இடத்தில் உட்காரவையுங்கள். தண்ணீர் கொடுங்கள், போர்வை கொடுங்கள், வீட்டாருக்குப் போன் போட்டுக் கொடுங்கள். "என்ன நடந்தது?" என்று துருவாமல், "இப்போ என்ன வேணும்?" என்று கேளுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தப் பக்கமே போக மறுப்பது எல்லாம் நீடித்தால் சிகிச்சை தேவை. அங்கேயும் நடந்ததைச் சொல்லவைப்பார்கள்தான். ஆனால் முன்தயாரிப்போடு, வாரம்தோறும், பதற்றம் தணியும்வரை கூடவே இருந்து.

கேள்வி: துக்கத்தையும் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாமே?

பதில்: எல்லாத் துக்கத்தையும் அல்ல. நீடித்த துக்கக் கோளாறு என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்கு 12 மாதம் என்றது. இரண்டு அமைப்புக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, பாருங்கள். நாளை எண்ணுவதைவிட, சமைப்பது, குளிப்பது, வேலைக்குப் போவது நின்றுபோயிருக்கிறதா என்று பார்ப்பேன்.

கேள்வி: ஆறு முறை கவுன்சலிங் போயாயிற்று. பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: கவுன்சலர் அன்பானவர் என்பது மட்டும் போதாது, அளந்து பார்க்கவேண்டும். மனச்சோர்வுக்கு பி.ஹெச்.கியூ-9 என்ற வினாத்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. முதல் நாளும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் நிரப்புங்கள். 18 என்பது 13-க்கு இறங்கினால் முன்னேற்றம். 17-லேயே நின்றால் ஆறாவது அமர்விலேயே பேச்சை எடுங்கள். பலரும் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துத் தவறவிடுவது ஒன்பதாவது கேள்வியை: செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு. அதில் 1 விழுந்தாலும் அன்றைக்கே கவுன்சலரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள்.

சிகிச்சை முறை எதுவானாலும் நல்ல உறவு இருந்தால் போதும் என்ற வாதமும் உண்டு. பாதி உண்மை. கை கழுவிக்கொண்டே இருக்கும் ஓ.சி.டி.க்கு (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் விடாத கோளாறு), அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழக்கும் பயிற்சி வேண்டும். ஆறுதல் பேச்சு மட்டும் அதைத் தீர்க்காது. உங்கள் கவுன்சலரிடம் நேராகவே கேளுங்கள்: "என் பிரச்சினைக்கு என்ன முறை செய்கிறீர்கள், எத்தனை அமர்வில் மாற்றம் தெரியணும், தெரியாவிட்டால் என்ன செய்வோம்?"